வேதாகம ஊர் இருந்த இடத்தை உறுதிசெய்யும் முறை

களியக்காவிளை, பாறசாலை வட்டாரத்தில் ஓய்வுநாள் பள்ளி நடத்துவோர், வேதாகமத்தின் பின்பக்க வரைபடத்தில் ஓர் ஊருக்கு வைக்கப்பட்ட புள்ளி எந்தச் சான்றின்மேல் நிற்கிறது என்பதைப் பிள்ளைகளோடு சேர்ந்து ஆராய்வது மிகவும் பயனுள்ளது. அதற்குக் கிபியோனைவிடச் சிறந்த ஊர் இல்லை.

முதலில், ஒத்தவாக்கிய அகராதியின் துணையோடு அவ்வூர் வரும் வசனங்களைத் திரட்டி, இடத்தைக் காட்டும் குறிப்புகளை மட்டும் தனியே எழுதிக்கொள்ளுங்கள். யோசுவா 18:25 அதை ராமா, பேரோத் ஆகிய ஊர்களுடன் பென்யமீன் கோத்திரத்தின் பங்கில் சேர்க்கிறது. 2 சாமுவேல் 2:13 அங்கே ஒரு குளத்தைச் சொல்கிறது.

அடுத்தது தூரம். எருசலேமிலிருந்து கிபியோனுக்கு 40 ஸ்தாதி என்று ஒரு நூலிலும் 50 ஸ்தாதி என்று மற்றொன்றிலும் முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். ஒரு ஸ்தாதி ஏறத்தாழ 185 மீட்டர். ஆகவே எருசலேமை மையமாக வைத்து, 7.4 கிலோமீட்டருக்கும் 9.25 கிலோமீட்டருக்கும் இரு வட்டங்கள் வரைந்து, அவற்றை ஒட்டிய பகுதியில் தேடுங்கள்.

எருசலேமுக்கு வடமேற்கே, வெளிவட்டத்தை ஒட்டி, எல்-ஜிப் என்னும் அரபுச் சிற்றூர் இருக்கிறது. பெயரின் ஒலி ஒற்றுமையைக் கொண்டு அமெரிக்க வேதாகம அறிஞர் எட்வர்ட் ராபின்சன் 1838-ல் இதையே கிபியோன் என்றார். ஆனால் பெயர் இடம்பெயரக்கூடியது. தக்கலைக்கு அருகிலுள்ள திருவிதாங்கோட்டின் பெயரால் அழைக்கப்பட்ட அரசுக்குப் பத்மநாபபுரமும், பின்னர் திருவனந்தபுரமும் தலைநகரானதை நாம் அறிவோம்.

எனவே மண்ணைக் கேட்க வேண்டும். 1956 முதல் 1962 வரை தொல்லியலாளர் ஜேம்ஸ் பிரிட்சர்ட் எல்-ஜிப்பில் அகழ்ந்தபோது, சுமார் 11 மீட்டர் அகலமுள்ள, சுவரை ஒட்டிப் படிகள் சுற்றி இறங்கும் பாறைக்குளம் வெளிப்பட்டது. அதற்குள் நிறைந்திருந்த இடிபாடுகளில், கிபியோன் என்று எபிரெய எழுத்தில் கீறிய 31 சாடிக் கைப்பிடிகள் கிடைத்தன. ஒன்றிரண்டு மட்டும் என்றால் வெளியூரிலிருந்து வந்த சரக்கு என்று ஒதுக்கிவிடலாம்; இத்தனை கைப்பிடிகளும், அருகிலேயே பாறையில் குடைந்த 63 திராட்சரசச் சேமிப்பறைகளும் சேரும்போது அந்த ஐயம் வலுவிழக்கிறது.

காலப் பொருத்தத்தைத் தனிக் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். யோசுவா கைப்பற்றியதாக வேதாகமம் சொல்லும் ஆயி எனப் பலர் ஏற்கும் எத்-தெல் மேடு கி.மு. 2400 முதல் 1200 வரை, அதாவது யோசுவாவின் காலம் எனப் பொதுவாகக் கருதப்படும் காலத்திலும், ஏறக்குறைய ஆளின்றிக் கிடந்தது. இத்தகைய முரண்பாட்டை மறைக்காமல் குறிப்பேட்டில் எழுதுவதே நேர்மை.

வகுப்பு வரைபடத்தில் கிபியோனுக்கு நிறைபுள்ளியும், ஆயிக்கு வெற்றுவட்டமும் இடுங்கள். பெத்சாயிதாவுக்கு, ஆய்வாளர்கள் இன்னும் வாதிடும் எத்-தெல், எல்-அராஜ் என்ற இரு இடங்களிலும் கேள்விக்குறி வையுங்கள். ஆயியின் எத்-தெல் வேறு, பெத்சாயிதாவுக்குச் சொல்லப்படும் எத்-தெல் கலிலேயாக் கடலுக்கு வடக்கே உள்ளது.