கச்சான் காற்று நாளில் கடலை நம்பாதீர்கள்: திருமலையில் பாய்ப்படகு பழகுவோர் விடும் பிழைகள்

வாடைக் காற்று ஓய்ந்து கடல் அடங்கியதும் திருமலையில், அதாவது திருகோணமலையில், சிறு பாய்ப்படகு பழக ஆக்கள் வரத் தொடங்குவார்கள். வருவோர் புதியவர்கள், விடுகிற பிழைகள் மட்டும் போன பருவத்தில் வந்தவர்கள் விட்ட அதே பிழைகள்.

டில்லரை (சுக்கான் பிடியை) எந்தப் பக்கம் தள்ளினால் படகு எங்கே திரும்பும் என்பதையோ, பாயின் அடியோரத்தைப் பிடிக்கும் குறுக்குக் கம்பான பூம் தலையில் அடிப்பதையோ இங்கே எழுதப்போவதில்லை. முதலாவது இரண்டு மூன்று நாளில் கைக்கு வந்துவிடும். இரண்டாவதை மண்டை ஒரே தடவையில் படித்துக்கொள்ளும். காசையும் படகையும் சில வேளை உயிரையும் கேட்கிற பிழைகள் வேறு.

கச்சான் நாளில் முதலில் காற்றோடு போவது

எத்தனை தரம் சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கிற, இன்றைக்கும் எரிச்சல் மூட்டுகிற பிழை இது.

தென்மேற்குப் பருவத்தில் திருமலையில் வீசுவது மேற்கு, தென்மேற்குப் பக்கத்துக் கச்சான். தரையைக் கடந்து வருகிற காற்று. சூடானது, காய்ந்தது, ஒரே சீராக வீசாதது. டச்சுக் குடா, உப்புவெளி, நிலாவெளி போன்ற கிழக்கு பார்த்த கரைகளில் அது கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். கரையோரம் அலை எழும்புவதற்குக் காற்றுக்கு இடமில்லை. அதனால் தண்ணீர் தட்டையாகக் கிடக்கும். பின்னால் நிற்கும் தென்னைகளும் கட்டிடங்களும் காற்றை மறைக்கும். பத்து மீற்றர் உயரமான தோப்பின் ஒதுக்கு தண்ணீருக்குள் நூறு மீற்றருக்கு மேலும் நீளும். கரையில் நின்று பார்ப்பவருக்கு, இன்றைக்குப் பழக இதைவிட நல்ல நாள் கிடையாது என்று தோன்றும். ஒதுக்கைத் தாண்டிய இடத்தில் தண்ணீர் கருமையாகச் சுருங்குவதையும், அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை நுரை தெரிவதையும் யாரும் கவனிப்பதில்லை.

படகை இறக்குவதும் இந்தக் காற்றில் மிக லேசு. அணியத்தை (படகின் முன்முனையை) கடல் பக்கம் திருப்பி ஏறி உட்கார்ந்தால் போதும், படகு தானாகப் போகும். காற்றோடு போகும்போது படகு சாயாது, தெறிப்பு இல்லை, முகத்தில் காற்றும் அவ்வளவாகப் படாது. வீசுவது 12 நொட் (மணிக்கு 12 கடல்மைல்) காற்று, படகு போவது 4 நொட் என்று வையுங்கள். உள்ளே இருப்பவர் உணர்வது 8 நொட்தான். இனித் திரும்பிக் கரையை நோக்கி ஏறவேண்டும். காற்றுக்கு எதிராக 3 நொட்டில் போனாலும் அவர்மேல் படுவது ஏறக்குறைய 14 நொட். பாயின்மீது விழும் விசை காற்று வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். ஆகவே, காற்று கொஞ்சமும் கூடாமலே, படகைத் திருப்பிய அந்த நிமிடத்தில் விசை மூன்று மடங்காகிவிடுகிறது. "திடீரென்று காற்று எழும்பிவிட்டது" என்று கரைக்கு வந்து சொல்பவர்களில் பாதிப்பேருக்கு எந்தக் காற்றும் எழும்பியிருக்காது.

தூரக் கணக்கு இன்னும் மோசம். கால் மணி நேரம் 4 நொட்டில் காற்றோடு போனால் ஒரு கடல்மைல். நேரே காற்றுக்குள் ஏறிவர எந்தப் படகாலும் முடியாது; இடமும் வலமுமாக வெட்டி வெட்டித்தான் வரவேண்டும். பழகியவர் காற்றுக்கு 45 பாகையில் ஏறுவார். புதியவரின் படகு பக்கவாட்டில் வழுக்குவதையும் சேர்த்துப் பார்த்தால் 60 பாகை. அப்படி ஏறினால் ஒரு கடல்மைல் இரண்டு கடல்மைலாகும். 2.5 நொட் வேகத்தில் அதற்கு 48 நிமிடம், அதுவும் ஒரு தரமும் கவிழாமல் வந்தால். கவிழ்ந்த படகு ஒரு நொட் வேகத்தில் அள்ளுண்டு போனால், பத்து நிமிடத்தில் முந்நூறு மீற்றர் பின்னுக்குப் போய்விடும். அந்த முந்நூறு மீற்றரை மீட்க இன்னும் எட்டு நிமிடம். கை சோர்ந்தவர் மறுபடி கவிழ்வார். இந்தச் சுற்று ஆரம்பித்தால் பிறகு துணைப்படகு வரும்வரை பின்னுக்குத்தான்.

டச்சுக் குடாவுக்கு வெளியே ஒதுங்க ஒரு திட்டுக்கூட இல்லை; வங்காள விரிகுடாதான். கொட்டியாரக் குடாவிலிருந்து கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று வெளியே இறங்குவதால், நங்கூரம் போட்டு நிற்கலாம் என்ற எண்ணமும் உதவாது. இருபது மீற்றர் கயிறு அங்கே எதையும் தொடாது. உள்துறைமுகத்தில் சுற்றிவரக் கரை இருப்பதால் இதே பிழை மலிவாக முடியும். ஆனாலும் போய் ஒதுங்கிய இடம் கடற்படையின் எல்லையாக இருந்தால் இருந்து விளக்கம் சொல்லவேண்டி வரும்.

செய்யவேண்டியது இவ்வளவுதான். கச்சான் நாளில் கிழக்குக் கரையில் இறங்கினால், கரைக்குச் சமாந்தரமாக, காற்றைப் பக்கவாட்டில் வைத்து, போய்த் திரும்பிப் போய்த் திரும்பி ஓடுங்கள். கரையிலிருந்து இருநூறு மீற்றருக்கு மேல் விலகவேண்டாம். இறங்கி ஐம்பது மீற்றர் போனதுமே திரும்பி, காற்றுக்குள் ஏறிக் கரையைத் தொட்டுப் பாருங்கள். அந்த ஐம்பது மீற்றரை ஏற முடியாதவர் அன்றைக்கு வெளியே போகக்கூடாது. துணைப்படகு தண்ணீரில் நிற்கவேண்டும், இயந்திரம் ஒரு தரமாவது முடுக்கிப் பார்க்கப்பட்டிருக்கவேண்டும். மணலில் ஏற்றிவைத்த துணைப்படகைக் கணக்கில் எடுக்காதீர்கள். உள்துறைமுகத்தில் பழகுகிற நாளில் தெரிவு சுலபம்: காற்று வந்து மோதுகிற கரையிலிருந்து இறங்குங்கள். இறக்குவது கஷ்டம்தான், படகு திரும்பத் திரும்பக் கரைக்கே தள்ளுப்படும். அந்த இடைஞ்சல்தான் உங்கள் பாதுகாப்பு.

ஏற்கெனவே காற்றோடு தூரம் போய்விட்டால் பதறிப் பாயை இழுத்துப் பிடிக்கவேண்டாம். கிக்கர், கனிங்ஹாம், அவுட்ஹோல் என்ற மூன்று கயிறுகளையும் இறுக்கிப் பாயைத் தட்டையாக்குங்கள். டாகர்போட் (படகின் நடுவே தண்ணீருக்குள் இறங்கி, பக்கவாட்டில் வழுக்காமல் தடுக்கும் பலகை) முழுவதும் கீழே இருக்கட்டும். உடம்பை முன்னுக்கு நகர்த்தி, வெளியே சாய்ந்து, படகு சாயாமல் பிடியுங்கள். கரையைப் பார்த்துக்கொண்டே அணியத்தை அளவுக்கு மீறிக் காற்றுக்குள் திருப்புவதுதான் எல்லோரும் செய்வது. வேகம் செத்தால் டாகர்போட்டைக் கடந்து ஓடும் தண்ணீரும் குறையும். படகு முன்னுக்குப் போகாமல் பக்கவாட்டில் வழுக்கும். பாயின் முன் ஓரம் படபடத்தால் சற்று விலகிப் போங்கள். வெட்டுகளைக் குறைத்து நீளமாக ஓடுங்கள். வெட்டும்போது அணியம் காற்றில் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டால், பூமை ஒரு பக்கம் தள்ளி, டில்லரையும் அதே பக்கம் தள்ளுங்கள். படகு பின்னோக்கி நகர்ந்து திரும்பும். திரும்பியதும் டில்லரையும் மெயின்ஷீட்டையும் (பாயை இழுக்கவும் தளர்த்தவும் கையில் பிடிக்கும் கயிறு) இழுத்துப் புறப்படலாம்.

ஏற முடியவில்லை என்று தெரிந்த உடனேயே கைகாட்டுங்கள்: இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக உயர்த்தி இறக்கவேண்டும், திரும்பத் திரும்ப. இது சர்வதேச ஆபத்துச் சைகை. வெட்கப்பட்டு அரை மணி நேரம் தள்ளிப்போட்டால், உங்களைத் தேடுகிறவருக்கு ஒரு புள்ளியாகக்கூடத் தெரியமாட்டீர்கள்.

மீன்பிடி வள்ளம் ஒன்று உதவிக்கு வந்து கட்டியிழுத்தால், கயிற்றை அணியத்து வளையத்துக்குள்ளால் எடுத்துப் பாய்மரத்தின் அடியில் கட்டுங்கள். வளையத்தில் மட்டும் கட்டினால் திருகாணியோடு பிடுங்கிக்கொண்டு போகும். பாயைத் தளர்த்தி, டாகர்போட்டைத் தூக்கி, பின்னுக்கு உட்காருங்கள். மெதுவாகப் போகச் சொல்லி முதலே கேளுங்கள். நாற்பது குதிரைவலு இயந்திரம் வைத்திருப்பவருக்கு மெதுவு என்பது வேறு.

மெயின்ஷீட்டைக் கையில் சுற்றுவது

சுற்றவேண்டாம். கையுறை போடுங்கள்.

கவிழ்ந்த படகை விட்டு நீந்துவது

கரை கிட்டத்தில் தெரியும். போகப் போகத்தான் தூரம் விளங்கும். மிதக்கும் படகைத் தேடிப்பிடிப்பது லேசு, மிதக்கும் தலையைத் தேடிப்பிடிப்பது கஷ்டம். படகைப் பிடித்தபடியே இருங்கள்.

நிமிர்த்துவதிலும் ஒரு பிழை வழமையாக நடக்கிறது. மெயின்ஷீட் கிளீட்டில் (கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் பிடியில்) மாட்டியபடியே இருக்க, டாகர்போட்டில் ஏறி நின்று படகை இழுப்பார்கள். படகு நிமிர்ந்ததும் இறுகிய பாய் காற்றைப் பிடித்து மறுபக்கம் கவிழும். பூம் தலைக்கு மேலால் வரும். அல்லது ஆள் இல்லாமல் படகு தனியே புறப்பட்டுவிடும். முதலில் மெயின்ஷீட்டையும் கிக்கரையும் தளர்த்தி, அணியத்தைக் காற்றுப் பக்கம் திருப்பிவிட்டுத்தான் ஏறவேண்டும். உடம்பு பாரமானவர் டாகர்போட்டின் அடியில், ஹல்லுக்கு (படகின் உடலுக்கு) கிட்ட நிற்கட்டும். நுனியில் குதித்தால் முறியும்.

லேசர் என்ற ஒற்றைப் பாய்ச் சிறு படகு வகையில் டாகர்போட்டைப் பிடித்துவைக்கும் இலாஸ்டிக் கயிற்றை மாட்ட மறக்கவேண்டாம். படகு தலைகீழாகப் புரண்டால் டாகர்போட் உறையிலிருந்து வழுகிப் போய்விடும். பிறகு நிமிர்த்தப் பிடிக்க ஒன்றும் இராது.

பாய்மரத்தின் அடியில் மணல்

சின்ன விஷயம், பெரிய செலவு. லேசரில் பாய்மரத்தைத் தாங்கக் கம்பிகள் கிடையாது. மேற்தளத்துக் குழிக்குள் மரத்தை அப்படியே நட்டுவிடுகிறோம். மரத்தைக் கடற்கரையில் கிடத்திப் பாயைப் போடும்போது அடிமுனையில் ஈர மணல் அப்பிக்கொள்ளும். விரலால் தடவிப் பாருங்கள், அரத்தாள் போலிருக்கும். அதைக் கழுவாமல் குழிக்குள் இறக்கினால், பூம் பக்கம் மாறும் ஒவ்வொரு தரமும் மரம் சுழன்று அந்த மணலைப் பைபரில் தேய்க்கும். ஓரிரு பருவத்தில் குழியின் அடி தேய்ந்து ஓட்டையாகும். தண்ணீர் ஹல்லுக்குள் இறங்கி, உள்ளே ஊறி, படகு பாரமாகி, கடைசியில் மேற்தளத்தை வெட்டித்தான் திருத்தவேண்டி வரும்.

ஒரு வாளித் தண்ணீர் போதும். அடிமுனையைக் கழுவி, குழிக்குள்ளும் ஊற்றித் துடைத்துவிட்டு மரத்தை இறக்குங்கள். மாதம் ஒரு தரம் குழியைத் தண்ணீரால் நிரப்பி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து, அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். மட்டம் இறங்கினால் அந்தப் படகு அன்றைக்குக் கரையில்தான்.

கரையில் பாயைப் படபடக்க விடுவது

கதைத்து முடிக்கும்வரை பாய் அடித்துக்கொண்டிருந்தால் துணியின் மேற்பூச்சு உடைந்துபோகும். இறக்கிச் சுருட்டுங்கள்.

வலைக்கு மேலால் போவது

மிதவைகள் வரிசையாகத் தெரிந்தால் அங்கே வலை இருக்கிறது. சுற்றிப் போங்கள். தெரியாமல் மேலே ஏறிவிட்டால் டாகர்போட்டையும் சுக்கானையும் தூக்கி, பாயைத் தளர்த்தி, படகை வழுகிப் போகவிடுங்கள். கத்தியை எடுக்கவேண்டாம். அந்த வலை ஒரு வீட்டின் சாப்பாடு. நாளைக்கு உங்களைக் கட்டியிழுக்க வரப்போகிறவரும் அந்த வலைக்காரர்தான்.

"பாய்ப்படகுக்குத்தான் வழி" என்று நிற்பது

சீனக்குடாப் பக்கம் மா ஆலைக்குக் கோதுமையும் சீமெந்து ஆலைக்கு மூலப்பொருளும் கொண்டுவரும் கப்பல்கள் ஒடுக்கமான பாதையை விட்டு விலக முடியாதவை. சர்வதேசக் கடற்பயண விதிகளில் 9ஆவது விதிப்படி 20 மீற்றருக்குக் குறைந்த படகும் எந்தப் பாய்ப்படகும் அவற்றுக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது. கப்பலின் அணியத்துக்குக் கிட்ட நீங்கள் நின்றால் மேலே இருக்கும் மாலுமிக்குத் தெரியவும் மாட்டீர்கள்.

ஒக்டோபர் பின்னேரம்

வானம் கறுத்தால் இறங்காதீர்கள்.

கழுவாமல் போவது

உப்பு முதலில் பிடிப்பது கப்பிகளையும், அலுமினியத்தில் துருப்பிடியா உருக்கு ரிவெட் அடித்த இடங்களையும். இரண்டு உலோகமும் உப்புத்தண்ணீரும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். பாய்மரம் முறிவது பெரும்பாலும் அந்தத் துளைகளில்தான். கிணற்றுத் தண்ணீர் குறைவான நாளில் ஹல்லை விட்டுவிட்டு இவற்றை மட்டுமாவது கழுவுங்கள். பிறகு பின்பக்கத்து அடைப்பானைக் கழற்றி, அணியத்தைத் தூக்கி, உள்ளே இருக்கும் தண்ணீரை ஒரு கோப்பையில் பிடியுங்கள். அரைக் கோப்பை வந்தால் வழமை. ஒன்றுக்கு மேல் வந்தால் பாய்மரக் குழியையும் டாகர்போட் உறையின் விளிம்புகளையும் அன்றைக்கே பாருங்கள், அளவைக் கழகத்துக் கொப்பியில் திகதி போட்டு எழுதியும் வையுங்கள்.