வாசிப்பும் எழுத்தும் கற்பிக்கும் ஆசிரியர்கள் இணையத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று கேட்டறியாமலே கூகுளைத் திறப்பதுதான் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்தே பிறக்கின்றன. "தரம் 3 தமிழ் செயலட்டை" என்று தேடினால் வண்ணப் படங்களுடன் பல தாள்கள் வந்து நிற்கும். அவற்றுள் அழகானதை அச்சிட்டுக் கொடுத்ததும் கடமை முடிந்ததாகத் தோன்றும். ஆனால் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் நன்றாகத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு 'கெ', 'கே', 'கொ', 'கோ' வரும் இடங்களில் மட்டும் நாக்கு நின்றுவிடுவதை அந்தத் தாள் ஆசிரியருக்குக் காட்டாது. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்தில் மெய்க்கு முன்னே நின்று ஒலியில் பின்னே வருவதும், ஒகர வரிசையில் குறி இரு புறமும் பிரிந்து நிற்பதும் தொடக்க வாசகருக்கு உண்மையான சிக்கல்கள். பாடநூலின் ஒரு பந்தியை உரத்து வாசிக்கச் சொல்லி, தடுமாறும் எழுத்துகளைக் கொப்பியில் குறித்துக்கொண்ட ஆசிரியர் "ஒகர வரிசைச் சொற்கள்" என்று குறிவைத்துத் தேடலாம். பல வேளைகளில் தேடாமலே கரும்பலகையில் அந்தப் பாடத்தை முடித்துவிடலாம்.

வட்ஸ்அப் குழுவில் வந்தது என்பதையே ஒரு கோப்பின் தகுதியாகக் கொள்வது அடுத்த தவறு. இலங்கையின் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அரச பாடநூல்களைத் தனது இணையத்தளத்தில் பிடிஎப் கோப்புகளாக வைத்திருக்கிறது. மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் பாடத்திட்டங்களும் ஆசிரியர் வழிகாட்டிகளும் தமிழில் கிடைக்கின்றன. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் மும்மொழியிலும் தரவாரியாகப் பாடங்கள் உள்ளன. இவையெல்லாம் விலையின்றிக் கிடைத்தும், பல கை மாறி, முதற்பக்கம் கழன்று, எந்த ஆண்டின் பாடத்திட்டத்துக்கு உரியதென்ற குறிப்பே இல்லாத வினாத்தாள்களைத்தான் நாம் அதிகம் போட்டோக்கொப்பி எடுக்கிறோம். பாடத்திட்டம் மாறிய பின்னும் பழைய அலகுக்கான பயிற்சி சுற்றிக்கொண்டே இருக்கும். விடையெழுதியவர் விட்ட ஒரு பிழை குழுக்களெங்கும் சரியான விடையாகப் பரவும். தயாரித்தவர், தரம், ஆண்டு ஆகிய மூன்றும் இல்லாத கோப்பை அச்சிடாமல் விடுவதே நல்லது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை மாதிரி வினாத்தாளைத் தரம் 3 பிள்ளைக்கு வாசிப்புப் பயிற்சியென்று கொடுக்கும் வழக்கத்தைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. வாசிப்பில் வெறுப்பை ஊட்ட அதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

தமிழ்நாட்டு வளங்கள் அளவில் பெரியவை. அவற்றை ஒதுக்கினால் இழப்பு நமக்குத்தான். முதல் மூன்று வகுப்பு மாணவருக்காக 2022இல் அங்கு தொடங்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் கையேடுகளில் எழுத்தறிமுகத்துக்குப் பொருந்தும் செயற்பாடுகள் நிறைய உண்டு. அவற்றில் கைவைக்காமல் அப்படியே அச்சிடுவதுதான் பிழை. எமது பாடநூல் 'கிலோமீற்றர்', 'லீற்றர்' என்று எழுத, அங்கிருந்து வரும் தாள் 'கிலோமீட்டர்', 'லிட்டர்' என்று எழுதும். வளர்ந்த வாசகருக்கு இது ஒரு பொருட்டில்லை. எழுத்துக்கூட்டலை இப்போதுதான் உறுதிப்படுத்திக்கொள்ளும் பிள்ளைக்கோ எது சரியென்ற மயக்கம் வந்துவிடும். தமிழ்நாட்டு நெற்பருவமான குறுவைச் சாகுபடி பற்றிய பந்தியைப் பெரும்போகம், சிறுபோகம் என்ற நம் நெற்பருவப் பெயர்களைக் கேட்டு வளர்ந்த அக்கரைப்பற்றுப் பிள்ளையிடம் கொடுத்து அதன் வாசிப்புத் திறனை அளக்க முற்பட்டால், அங்கே அளக்கப்படுவது அதன் பொது அறிவாகிவிடும். செயற்பாட்டை எடுத்துக்கொண்டு சொற்களை மாற்றி எழுதுவது பெரிய வேலையன்று.

கதை நூல்களுக்கு ஆசிரியர் பலர் இன்று நாடுவது பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தை. படங்களுடன் கூடிய தமிழ்க் கதைகள் அங்கு ஏராளமாக உண்டு. பிடிஎப் ஆகத் தரவிறக்கி அச்சிடலாம். கதைகள் 1 முதல் 4 வரை வாசிப்பு நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 'நிலை 2' என்பதைத் 'தரம் 2' என்று கொள்வது இங்கு நடக்கும் பரவலான பிழை. நிலை என்பது வாசிப்பில் பிள்ளை எட்டிய படியைக் குறிப்பது. ஒரே வகுப்பில் முதல் நிலைக் கதைக்கே திணறும் பிள்ளையும் நான்காம் நிலைக் கதையை ஒரே மூச்சில் முடிக்கும் பிள்ளையும் அருகருகே இருப்பார்கள். இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றும் உண்டு. இக்கதைகளில் பல வேறு மொழிகளிலிருந்து வந்த மொழிபெயர்ப்புகள். ஆங்கிலத்தில் மூன்று சிறு சொற்களாக நிற்பது தமிழில் 'போய்க்கொண்டிருந்தாள்' என்று பத்து எழுத்துள்ள ஒரே சொல்லாகிவிடும். அப்படி ஒரு சொல் முதல் நிலைக் கதையின் இரண்டாம் பக்கத்தில் வந்தால், படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை அந்த இடத்தோடு நூலை மூடிவிடும். ஆகவே முகப்பிலுள்ள எண்ணை நம்பாமல் ஆசிரியர் கதை முழுவதையும் வாய்விட்டு வாசித்துப் பார்த்தே தெரிவுசெய்ய வேண்டும். அங்குள்ள கதைகள் பெரும்பாலும் திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டவை என்பதால், 'போய்க்கொண்டிருந்தாள்' என்பதைப் 'போனாள்' என்று மாற்றி, நீண்ட வாக்கியத்தை இரண்டாக முறித்து, தம் வகுப்புக்கேற்ற பிரதியொன்றைத் தயாரிக்கவும் இடமுண்டு. இந்த உரிமையைப் பயன்படுத்துபவர்கள் மிகக் குறைவு என்பதே என் வருத்தம்.

ஆங்கிலத்தில் ஆசிரியருக்கென்றே இயங்கும் ரீடிங் ரொக்கெட்ஸ், ரீட்ரைட்திங்க் போன்ற அமெரிக்கத் தளங்கள் தரமானவை. ஆனால் அவற்றின் எழுத்தறிமுக ஆலோசனைகள் ஆங்கில எழுத்துக்கூட்டலின் ஒழுங்கின்மையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அடிக்கடி வரும் சொற்களைப் படம்போல் பார்த்து மனனம் செய்யவைக்கும் பட்டியல்களைத் தமிழுக்குப் பெயர்த்துச் சுவரில் ஒட்டுவதால் பயன் குறைவு. தமிழில் எழுத்தைக் கூட்டினால் சொல் வந்துவிடும். 'காகம்' என்ற சொல்லில் முதல் ககரமும் இரண்டாம் ககரமும் வேறாக ஒலிப்பது போன்ற நமக்கே உரிய இடங்களுக்கு அத்தளங்களில் விடை இராது. வாசிப்பதற்கு முன் படத்தைக் கொண்டு கதையை ஊகிக்கச் செய்தல், வாசித்ததைச் சொந்தச் சொற்களில் மீளச் சொல்லவைத்தல், எழுதியதைத் திருத்தி மறுபடியும் எழுதவைத்தல் ஆகியவை எம்மொழிக்கும் பொருந்துவன. அவற்றைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

எழுத்துரு விடயத்தில் நேரம் வீணாகும் அளவு வேறெதிலும் வீணாவதில்லை. இலங்கையில் நெடுங்காலம் தட்டச்சிட்ட பாடக்குறிப்புகள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் உள்ளன. பாமினி இல்லாத கைபேசியில் அந்தக் கோப்பைத் திறந்தால் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகளாய் நிற்கும். கோப்பு பழுதென்று எண்ணி அழித்துவிடுவதும், முழுவதையும் மறுபடி தட்டச்சிட உட்காருவதும் தேவையற்றவை. பாமினியை, எல்லாக் கருவிகளிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டு முறையான யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உள்ளன. புதிதாகத் தயாரிப்பவர்கள் யுனிகோடிலேயே தயாரிக்க வேண்டும். படமாக உள்ள பக்கத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றிக் கூகுள் டொக்ஸில் திறந்தால் எழுத்தாக மாறும் வசதியும் உண்டு. ஆனால் மங்கிய அச்சில் காலும் ரகரமும், ணகரமும் னகரமும் இடம் மாறக்கூடும். எழுத்துப் பிழையைத் திருத்தக் கற்பிக்கும் தாளிலேயே பிழையிருந்தால் பிள்ளை யாரை நம்பும்? மூலத்தோடு ஒப்பிடாமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது.

ஈழத்து எழுத்துகளுக்கு 2005 முதல் இயங்கும் 'நூலகம்' என்ற இணையத்தளமும், பழந்தமிழ் இலக்கியங்களுக்கு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற மின்னூல் தளமும் பெருங்களஞ்சியங்கள். 1892இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் எழுத்துகளையும் எமது கிழக்குப் பிரதேசத்துச் சஞ்சிகைகளையும் மலர்களையும் 'நூலகம்' தளத்தில் காணலாம். இவற்றை முன்னேற்பாடின்றி வகுப்புக்குக் கொண்டுபோவதே தவறு. தமிழ்நாட்டில் 1978இல் அரசாணையாகி, பின் இங்கும் நிலைபெற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய நூல்களில் 'லை', 'னை', 'றா', 'னா' போன்ற எழுத்துகள் பழைய வடிவில் இருக்கும்; தரம் 6 பிள்ளை அதைப் பார்த்து வேறேதோ எழுத்தென்று திகைக்கும். அந்த வடிவங்களை முதலில் கரும்பலகையில் எழுதிக் காட்டிவிட்டால் அதுவே சுவையான பாடமாகிவிடும். மதுரைத் திட்டத்தின் செய்யுள்கள் பெரும்பாலும் மூலபாடமாக மட்டுமே இருப்பதால், க.பொ.த. சாதாரண தர மாணவருக்குச் சீர்பிரித்து, அரும்பதங்களுக்குப் பொருளெழுதிக் கொடுக்க வேண்டியது ஆசிரியரின் வேலை.

எழுத்துப் பாடத்தில் மிகுந்த தீங்கு செய்வது தரவிறக்கிய மாதிரிக் கட்டுரை. 'மழைக்காலம்' என்று தலைப்புக் கொடுத்தால் வகுப்பு முழுவதும் ஒரே மயில், ஒரே தவளை, ஒரே முடிவுரை வருகிறது. வடகீழ்ப் பருவமழைக்குக் குளம் வான் பாய்வதையும், வாவி நிறைந்து முகத்துவாரம் வெட்டப்படுவதையும், மட்டக்களப்பு வாவியின் மேற்கேயுள்ள படுவான்கரையில் பாதை மூழ்குவதையும் கண்ணால் கண்ட பிள்ளை அதில் ஒரு வரியும் எழுதுவதில்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்தபின் இந்தச் சிக்கல் பெருகியிருக்கிறது. அவை தரும் தமிழில் வாக்கியம் வழுவழுப்பாக இருந்தாலும் சந்தியும் எழுவாய் பயனிலை இயைபும் இடையிடையே தவறும், ஊர்ச் செய்திகளில் கற்பனையும் கலக்கும். கட்டுரையைக் கேட்பதற்குப் பதிலாக அச்செயலிகளிடம் கேள்விகளைக் கேட்டு வாங்கலாம்: மழையன்று வீட்டில் முதலில் நனைந்த பொருள் எது, அதை யார் எங்கே தூக்கி வைத்தார்கள் என்ற வகைக் கேள்விகள் பிள்ளையை எழுதவைக்கும். பிள்ளை வாயால் சொல்லும்போது ஊர்ப்பேச்சில் 'மறுகா' என்று தொடங்கினால் இடைமறிக்க வேண்டியதில்லை. எழுதி முடித்தபின் 'பிறகு' என்று திருத்திக்கொள்ள நேரமுண்டு.

வகுப்பில் நின்றபடி இணையத்தைத் திறந்து பாடம் நடத்தலாம் என்று எண்ணுவதும் வேண்டாம். சிக்னல் நின்றால் பாடமும் நின்றுவிடும். இணைப்பு நன்றாக உள்ள இடத்தில் முதல்நாளே தரவிறக்கிக் கைபேசியிலோ பென்டிரைவிலோ வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்கேன் செய்த பழைய நூல்களின் கோப்புகள் டேட்டாவை விழுங்கும் என்பதால், முழு நூலுக்கு மாறாக வேண்டிய பக்கங்களை மட்டும் பிள்ளைகளுக்கு அனுப்புவது பெற்றோருக்கும் உதவி.

இலவசமாகக் கிடைப்பதெல்லாம் பதிப்புரிமை அற்றதென்று கொள்வதும் தவறே. திறந்த உரிமக் கதையை அச்சிடும்போது எழுதியவர், படம் வரைந்தவர், மொழிபெயர்த்தவர், தளம் ஆகியோரின் பெயர்களைக் கடைசிப் பக்கத்திலிருந்து வெட்டிவிடக் கூடாது. மாற்றி எழுதியிருந்தால் அதையும் அங்கே குறிக்க வேண்டும். அதே கவனம் நம் பிள்ளைகளின் எழுத்துக்கும் உரியது. வகுப்பில் எழுதிய கட்டுரையைப் பேஸ்புக்கில் இடுவதற்கு முன் பெற்றோரிடம் சம்மதம் கேட்டு, கொப்பியின் மேல்வரியிலுள்ள முழுப்பெயரையும் பாடசாலைப் பெயரையும் மறைத்து, முகம் தெரியும் படத்தை நீக்கிவிட்டே இட வேண்டும்.