சி நிரலை முடிப்பது எப்படி: எக்ஸிட், அண்டர்ஸ்கோர் எக்ஸிட், அபார்ட்

சி மொழியில் ஒரு நிரல் தன்னைத்தானே முடித்துக்கொள்ளப் பல வழிகள் உண்டு. எல்லாம் ஒன்றுதானே என்று எதையாவது போட்டுவிடாதீர்கள், சிலவற்றில் அச்சாக வேண்டிய வரியே காணாமல் போய்விடும். லினக்ஸும் ஜிசிசி என்ற சி கம்பைலரும் இருந்தால் போதும், கூடவே செய்து பாருங்கள்.

முதலில் மெயினுக்குள் ரிட்டர்ன் 3 என்று மட்டும் எழுதி, கம்பைல் செய்து ஓட்டுங்கள். முடிந்ததும் டெர்மினலில் எக்கோ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, டாலர் குறியையும் கேள்விக்குறியையும் ஒட்டிப் போட்டால் 3 என்று வரும். இதுதான் எக்ஸிட் ஸ்டேட்டஸ். 0 என்றால் வேலை ஒழுங்காக முடிந்தது, வேறு எண் என்றால் ஏதோ கோளாறு. சரி, 3ஐ எடுத்துவிட்டு 256 போடுங்கள். 0 வரும்! கடைசி 8 பிட் மட்டுமே ஷெல்லுக்கு, அதாவது டெர்மினலில் நம் கட்டளைகளை ஓட்டும் நிரலுக்கு, கிடைப்பதால், 0 முதல் 255 வரைக்குள் நிற்பதே நல்லது.

அடுத்தது எக்ஸிட். மெயினில் ரிட்டர்ன் செய்தாலும் இதே பலன்தான், ஆனால் இதை எந்த ஃபங்ஷனுக்குள் இருந்தும் அழைக்கலாம்.

இப்போது கவனமாகப் பாருங்கள். பிரிண்ட்எஃப்பில் "வணக்கம்" என்று, கடைசியில் புதுவரிக் குறி போடாமல் எழுதி, அடுத்த வரியில் எக்ஸிட் 0 கொடுங்கள். வணக்கம் திரையில் வரும். எக்ஸிட்டுக்கு முன்னால் ஓர் அண்டர்ஸ்கோர் சேர்த்து, யூனிஸ்டிடி ஹெடரையும் இன்க்ளூட் செய்து மறுபடி ஓட்டினால் எதுவுமே வராது. பிரிண்ட்எஃப் கொடுத்த எழுத்துகள் நேராகத் திரைக்குப் போகாமல் நிரலின் நினைவகத்திலேயே ஒரு பஃபரில் காத்திருக்கின்றன. எக்ஸிட், முடியும்போது ஓட வேண்டும் என்று ஆட்எக்ஸிட்டில் பதிந்த ஃபங்ஷன்களைக் கடைசியில் பதிந்ததிலிருந்து தொடங்கி ஓட்டி, அந்தப் பஃபரையும் திரைக்கு அனுப்பிக் காலி செய்துவிட்டுத்தான் கர்னலிடம், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியிடம், போகும், அண்டர்ஸ்கோர் எக்ஸிட்டோ இது எதையும் செய்யாமல் நேரே போய்விடும். புதுவரிக் குறியைச் சேர்த்தால் டெர்மினலில் வணக்கம் தெரியும், அதை நம்பிவிடாதீர்கள், வெளியீட்டை ஒரு ஃபைலுக்குத் திருப்பிப் பாருங்கள், ஃபைல் காலியாக இருக்கும்.

அப்புறம் அண்டர்ஸ்கோர் எக்ஸிட் எதற்கு? ஃபோர்க் செய்த, அதாவது ஓடும் நிரலை நகலெடுத்து உருவாக்கிய, சைல்ட் பிராசஸுக்கு. ஃபோர்க் செய்யும்போது காலியாகாத பஃபரும் நகலாகிவிடும், ஆகவே எக்ஸெக் (தன் இடத்தில் வேறு நிரலை ஏற்றும் அழைப்பு) தோற்றுப்போன சைல்டில் சாதாரண எக்ஸிட் கொடுத்தால் ஒரே வரி இரண்டு முறை அச்சாகலாம்.

அபார்ட், நிரலின் உள்ளேயே ஏதோ கெட்டுவிட்டது, இனி ஓடக் கூடாது என்னும்போது மட்டும். அப்போது நிரல் 6ஆம் எண் சிக்னலால் (கர்னல் அனுப்பும் அறிவிப்பால்) சாகும், பேஷ் ஷெல்லில் முன்போலவே எக்கோ செய்தால் 134 (128 + 6) காட்டும்.