சில்வர் துவக்கைத் தேய்க்கப் போகிறீர்களா?

கனடாவில் இருக்கும் மச்சான் படம் அனுப்பியிருந்தார். மான் வேட்டைக்கு வாங்கிய ஸ்டெயின்லஸ் ஸ்டீல் ரைபிள். குழல் முழுக்கக் கீறல், இரண்டு இடத்தில் மிளகளவு துரு. "ஹட்டன்ல படிக்கட்டுக் கம்பியெல்லாம் கண்ணாடி மாதிரி ஆக்குறீங்களே மச்சான், இதுக்கு ஒரு வழி சொல்லுங்க" என்றார். கண்ணாடி மாதிரி ஆக்க நினைப்பதுதான் முதல் தவறு.

எங்கள் பட்டறைக்கு வரும் கைப்பிடிக் குழாய் 304 ரகம். குரோமியம் 18 வீதம், நிக்கல் 8 வீதம். ரைபிள் குழலுக்குப் பெரும்பாலும் 416 ரகத்தைத்தான் எடுப்பார்கள். கடைய இலகுவாக இருக்க அதில் கந்தகம் சேர்த்திருக்கும். குரோமியம் 12 முதல் 14 வீதம்தான். காந்தம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். சோற்றுப் பானை தாங்கும் ஈரத்தை இது தாங்காது. 'சில்வர்தானே, துருப்பிடிக்காது' என்று விட்டால் மிளகளவுத் துரு வரத்தான் செய்யும்.

மச்சான் ஏற்கெனவே சாதாரண இரும்புச் சுருளால் தேய்த்துப் பார்த்திருக்கிறார். அதிலிருந்து உதிரும் இரும்புத் துணுக்கு மேற்பரப்பில் பதிந்து, பிறகு அதுவே துருப்பிடிக்கும். நைலோன் பஞ்சில் கொஞ்சம் எண்ணெய் விட்டு மெதுவாகத் தேய்த்தால் மேலோட்டமான துரு போய்விடும். குளோரின் கலந்த கழுவுநீரைக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது. ஊசிக் குத்துப்போல் குழி விழும்.

கீறலில் கை வைக்குமுன் வெயிலில் பிடித்துப் பாருங்கள். கீறலைத் தவிர, செய்யும்போதே போட்ட மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடினால் அதிர்ஷ்டம். கோடு குழலின் நீளவாக்கில் ஓடினால் நீங்களும் நீளவாக்கில்தான் தேய்க்க வேண்டும். சப்பாத்துக்குப் பொலிஷ் போடுவதுபோல் சேண்ட் பேப்பர் பட்டையைச் சுற்றிப் போட்டு இழுத்தால் குறுக்குக் கோடு விழும், தூரத்திலிருந்தே தெரியும். 320ஆம் நம்பர் சேண்ட் பேப்பர், பிறகு 400, அதோடு நிறுத்துங்கள். எடுத்த எடுப்பில் கரடான 120ஐப் போடுகிறவர்கள் பழைய கீறலைவிட ஆழமான கீறலைத்தான் போடுகிறார்கள். மரத்துக்குள் மறைந்திருக்கும் அடிப்பக்கத்தில் முதலில் தேய்த்துப் பார்ப்பது நல்லது.

கோடே இல்லாமல் சாம்பல் நிறத்தில் மங்கலாக இருந்தால் கதை வேறு. அது பொடிக் கண்ணாடி மணிகளைக் காற்றழுத்தத்தில் அடித்து உண்டாக்கிய மங்கல். கையால் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஓர் இடத்தைத் தேய்த்தால் அந்த இடம் மட்டும் பளபளக்கும். அப்போது, துவக்கு வேலை தெரிந்தவரிடம் கொடுத்து, குழலின் இரு வாயையும் அடைத்து முழுக்க அடித்து எடுப்பதுதான் வழி. இல்லாவிட்டால் கீறலோடு இருந்துவிடுங்கள். நானாக இருந்தால் இரண்டாவதைத்தான் செய்வேன்.

துணிச் சக்கரம் சுழன்று பளபளப்பாக்கும் பஃப் மோட்டாரைத் தொடவே வேண்டாம். படிக்கட்டுக் கம்பியில் நூலளவு தேய்ந்தால் யாருக்குத் தெரியும்? குழல் வாயின் விளிம்பு கொஞ்சம் மழுங்கினாலும் குறி பிசகும். பொறித்த தொடர் இலக்கத்தைத் தேய்த்து அழிப்பது கனடாவில் குற்றம், 'தெரியாமல் தேய்ந்துவிட்டது' என்று பிறகு விளக்கிக்கொண்டிருக்க வேண்டிவரும். இத்தனைக்கும் முன்னால், உள்ளே ரவை இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, ரவையை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டைக் கழற்றித் தனியே வைத்திருக்க வேண்டும்.

அப்புறம், துரு எங்கிருந்து வந்தது? ஸ்பொஞ்ச் வைத்த பெட்டியில் மூடி வைத்திருந்தாராம். இங்கே சாயந்தரம் கதவைத் திறந்து வைத்தால் மூடுபனி உள்ளே வந்து இரும்புத் தகட்டில் முத்து முத்தாக நிற்கும். அங்கே குளிரில் கிடந்த துவக்கைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தாலும் அப்படித்தான் வியர்க்கும். அந்த ஈரத்தோடு பெட்டியில் வைத்தால் ஸ்பொஞ்ச் அதை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். வீட்டுச் சூட்டுக்கு வரும்வரை பெட்டிக்கு வெளியே வைத்து, துடைத்து, மெல்லிசாக எண்ணெய் பூசி, காற்றுப் புகும் பூட்டிய அலுமாரியில் நிறுத்த வேண்டும்.

அவருடைய குழல் கோடா மங்கலா என்று படத்தில் தெரியவில்லை. வெயிலில் வைத்து இன்னொரு படம் எடுக்கச் சொன்னேன். அங்கே வெயில் வர இன்னும் நாலு நாள் ஆகுமாம்.