நாஷ்வில் போகிறீர்களா? பிராட்வேயோடு திரும்பிவிடாதீர்கள்

அமெரிக்காவில் கன்ட்ரி இசைக்குப் பேர்போன நாஷ்வில் நகரத்துக்குப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, இசை பார்கள் நிறைந்த லோயர் பிராட்வே தெருவைச் சுற்றிவிட்டு ஊரையே பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்வது. முதல் நாள் இரவு நானும் அங்கேதான் இருந்தேன். நியான் விளக்குகள், மாடிக்கு ஒரு பேண்ட், காதைப் பிளக்கும் சத்தம். அறைக்குத் திரும்பியபோது ஒரு பாட்டுகூட நினைவில் இல்லை.

மறுநாள் பகலில் அதே தெருவுக்குப் போனேன். கூட்டம் சேராத நேரம்தான் அதற்குச் சரி. ஹாங்கி டாங்க் என்று சொல்கிற அந்த பார்கள் பலவற்றில் நுழைவுக் கட்டணம் கிடையாது. வாசிப்பவர்கள் பெரும்பாலும் டிப்ஸை நம்பித்தான் மேடை ஏறுகிறார்கள். நடுவில் ஒருவர் வாளியோடு மேசை மேசையாக வருவார். இலவசம்தானே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். சில டாலர் நோட்டுகளைத் தயாராக வைத்திருங்கள். நான் பார்த்த ஃபிடில் (வயலின்) கலைஞரின் வில்லில் நாலைந்து இழைகள் அறுந்து தொங்கின. பாட்டு முடிகிறவரை அவர் அதைப் பார்க்கவே இல்லை. முடிந்ததும் வெடுக்கென்று பிய்த்துப் போட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போனார்.

அடுத்த தவறு, ரைமன் அரங்கத்தையும் கிராண்ட் ஓல் ஆப்ரியையும் குழப்பிக்கொள்வது. ஆப்ரி என்பது 1925-இல் தொடங்கிய கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சி. 1943 முதல் 1974 வரை அது ரைமனில் நடந்தது. 1892-இல் பிரார்த்தனைக் கூடமாகத் திறக்கப்பட்ட இடம் என்பதால், ரைமனில் இன்றும் நீள பெஞ்சுகளில்தான் உட்கார வேண்டும். ஆப்ரியின் இப்போதைய அரங்கம் நகர மையத்திலிருந்து காரில் போகும் தூரம். டிக்கெட்டில் எந்த அரங்கம் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இடம் மாறியபோது ரைமன் மேடையிலிருந்து வட்டமாக ஒரு மரத்துண்டை வெட்டியெடுத்து, புது மேடையின் நடுவே பதித்தார்கள். 2010 வெள்ளத்தில் மூழ்கிய அதைச் சீர்செய்து திரும்பவும் அங்கேயே வைத்திருக்கிறார்கள். பாட வருகிறவர்கள் அதன்மேல்தான் நிற்கிறார்கள்.

கன்ட்ரி இசை வெள்ளையர்களுடையது மட்டும் என்ற எண்ணத்தோடு போவதும் தவறுதான். கன்ட்ரி இசையில் வாசிக்கும் பேஞ்சோ என்ற நரம்பு வாத்தியத்தின் வேர் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. 1927-இல் ஆப்ரிக்கு அந்தப் பெயர் கிடைத்த இரவில் மவுத் ஆர்கனில் ரயில் ஓடும் சத்தத்தை வாசித்துக் காட்டியவர் டிஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பினக் கலைஞர். 1941-இல் அவரை நிகழ்ச்சியிலிருந்து நீக்கினார்கள். 1982-இல் இறந்தார், கன்ட்ரி இசையின் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது 2005-இல். நாஷ்வில்லில் இருக்கும் அந்த ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகத்தின் வட்டக் கூடத்தில் அவருடைய வெண்கலப் பலகையைத் தேடிப் பாருங்கள்.

கடைசியாக, புளூபேர்ட் கஃபேக்கு முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். நூறு பேர்கூடக் கொள்ளாத இடம், கடை வரிசைக்கு நடுவே இருக்கிறது. பிரபலங்கள் பாடிய பாட்டுகளை எழுதியவர்கள் கூடத்தின் நடுவே வட்டமாக உட்கார்ந்து, அவை பிறந்த கதையைச் சொல்லிவிட்டு அவர்களே பாடுவார்கள். அங்கே பேசக் கூடாது. நான் போன இரவு ஒருவர் இறந்துபோன அப்பாவைப் பற்றி எழுதிய பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். பக்கத்து மேசைக்காரர் கிளாஸில் ஐஸைக் கலக்கிய சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. ஸ்பூனை மெதுவாகக் கீழே வைத்தவர், பாட்டு முடிகிறவரை அதைத் தொடவில்லை.