மூங்கில் துண்டிலிருந்து தொடங்குவோம்: எஃப்.ஜி.எம். தகட்டின் அதிர்வெண்ணைக் கையால் கணக்கிடலாம்

யாங்கோனில் மூங்கிலுக்குப் பஞ்சமில்லை. ஒரு துண்டைக் குறுக்கே அறுத்து, வெட்டிய முகத்தை ஈரத்துணியால் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். கரும்புள்ளிகள் தெரியும். வெளித்தோல் பக்கம் அவை நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். உள்ளே போகப் போக விலகிக்கொண்டே வரும். அவைதான் நார்க்கற்றைகள். 'இதுவரை கெட்டி, இதற்குமேல் மென்மை' என்று ஒரு கோடு எங்கும் கிடையாது.

இதையே நாம் செய்தால் அதுதான் ஃபங்ஷனலி கிரேடட் மெட்டீரியல், சுருக்கமாக எஃப்.ஜி.எம். 1984-இல் ஜப்பானில், விண்வெளி விமானத்துக்கு வெப்பக் காப்பு தேடியபோது பிறந்த யோசனை. பீங்கான் சூட்டைத் தாங்கும், உலோகம் உடையாமல் தாங்கும். ஆனால் இரண்டையும் வெறுமனே ஒட்டினால், சூட்டில் வேறு வேறு அளவு விரிந்து ஒட்டு பிளந்துவிடும். அதனால் கலவையைத் தடிமன் நெடுகக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகள் சிலர் வீட்டுக்கு வருவார்கள். தகட்டைத் தட்டினால் நொடிக்கு எத்தனை முறை அதிரும், அதாவது அதன் அதிர்வெண் என்ன என்று பார்க்க, வந்ததும் மென்பொருளைத் திறப்பார்கள். அழகான வண்ணப் படம் வரும். அந்த எண் சரியா என்று கேட்டால் பதில் வராது. அதனால் முதல் தகட்டைக் கையால்தான் போடச் சொல்வேன். நீங்களும் தாளும் கால்குலேட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: தகடு

அரை மீட்டர் சதுரம், 10 மி.மீ. தடிமன். நான்கு ஓரமும் எளிய தாங்கலில் இருக்கின்றன. அதாவது ஓரம் இறங்காது, ஆனால் கீல் போலத் திரும்பும். அடிமுகம் அலுமினியம்: யங் குணகம் (பொருளின் விறைப்பைக் காட்டும் எண்) 70 கிகாபாஸ்கல், அடர்த்தி கன மீட்டருக்கு 2,700 கிலோ. மேல்முகம் அலுமினா என்ற பீங்கான்: 380 கிகாபாஸ்கல், 3,800 கிலோ. பாய்சான் விகிதம் (நீளவாக்கில் இழுத்தால் பக்கவாட்டில் எவ்வளவு சுருங்கும் என்பது) இரண்டுக்கும் 0.3 என்றே வைத்துக்கொள்வோம்.

படி 2: கலவை

அடிமுகத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று பார்த்து, அதைத் தடிமனால் வகுத்து, ஓர் அடுக்கெண்ணுக்கு உயர்த்தினால் அந்த இடத்தில் பீங்கானின் பங்கு கிடைக்கும். அடுக்கெண் 0 என்றால் முழுக்கப் பீங்கான். கூடக் கூட உலோகம் மிகும். நாம் 1 எடுப்போம். மாற்றம் நேர்கோட்டில் போகும். சராசரிக் குணகம் 225, சராசரி அடர்த்தி 3,250.

படி 3: நடுநிலைத் தளம்

இங்கேதான் எல்லாரும் வழுக்குகிறார்கள். "சார், தடிமனில் பாதிதானே நடு?" என்று போன வாரம்கூட ஒரு பையன் கேட்டான். ஒரே பொருளாலான தகட்டில் ஆமாம். வளையும்போது இழுபடாமலும் நசுங்காமலும் இருக்கும் தளம் அங்கே நட்டநடுவில்தான் இருக்கும். நம் தகட்டில் மேல்பாதி விறைப்பு, கீழ்பாதி நெகிழ்வு. தராசில் ஒரு தட்டு கனத்தால், தாங்குபுள்ளியை அந்தப் பக்கம் நகர்த்தினால்தானே சமநிலை வரும்? அதுபோல நடுநிலைத் தளமும் பீங்கான் பக்கம் ஏறிவிடும்.

நகர்வு = தடிமன் × (380 − 70) ÷ (12 × 225) = 1.148 மி.மீ. (இந்த வாய்பாடு அடுக்கெண் 1-க்கு மட்டும்.)

படி 4: வளைவு விறைப்பு

முதலில், தடிமனில் பாதியில் உள்ள தளத்தைப் பொறுத்து: 225 × 10⁹ × 0.01³ ÷ 12 = 18,750. இதிலிருந்து நகர்வுக்கான பங்கைக் கழிக்க வேண்டும்: 225 × 10⁹ × 0.01 × 0.001148² = 2,966. நீங்கள் படித்த இணை அச்சுத் தேற்றம்தான் இது. மீதி 15,784. அதை (1 − 0.3²), அதாவது 0.91-ஆல் வகுத்தால் 17,345 நியூட்டன் மீட்டர்.

படி 5: அதிர்வெண்

ஒரு சதுர மீட்டர் தகட்டின் எடை 32.5 கிலோ. விறைப்பை இதனால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 23.1. சதுரத் தகட்டின் முதல் அதிர்வெண்ணுக்கு இதைப் பையால் (π) பெருக்கிப் பக்கத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும்: 3.1416 × 23.1 ÷ 0.25 = 290 ஹெர்ட்ஸ்.

படி 6: சரிபார்த்தல்

முழு அலுமினியத் தகட்டுக்கு 194, முழு அலுமினாவுக்கு 380. நம் விடை இடையில் இருக்கிறது, சரி. ஆனால் இது மட்டும் போதாது. படி 3-ஐ மறந்தவருக்கு 316 வரும். அதுவும் இடையில்தானே இருக்கிறது! ஆர்மோனியம் தெரிந்தவர்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும்: 290 என்பது இரண்டு கட்டைக்குச் சற்றுக் கீழே, 316 இரண்டரையையும் தாண்டிய சுருதி. சேகண்டியில் இவ்வளவு வித்தியாசம் இருந்தால் கோயிலில் எந்தக் காதும் கண்டுபிடித்துவிடும்.

அதனால் நான் வற்புறுத்தும் சோதனை வேறு. உயரத்தை நடுவிலிருந்து அளக்காமல் அடிமுகத்திலிருந்து அளந்து, தொகையீட்டை (இன்டெக்ரேஷனை) முதலிலிருந்து போடுங்கள். நடுநிலைத் தளம் 6.148 மி.மீ. உயரத்தில் வரும், விறைப்பு அதே 17,345 வர வேண்டும். நகர்வை விட்டவருக்கு விடை எங்கோ போய்விடும்.

இதற்கப்புறம் மென்பொருளைத் திறவுங்கள். அது 290-க்குச் சற்றுக் குறைவாகக் காட்டினால் பயப்பட வேண்டாம். நாம் விட்டுவிட்ட சறுக்குத் திரிபை, அதாவது வளையும்போது அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று சற்றுச் சறுக்குவதை, அது சேர்த்திருக்கும். நம் தகட்டின் பக்கம் தடிமனைப் போல 50 மடங்கு, அதனால் வித்தியாசம் சிறிது. 20 மடங்குக்குக் கீழே வந்தால், இந்தச் சறுக்கலையும் சேர்த்து 1951-இல் மிண்ட்லின் தந்த கோட்பாட்டுக்குப் போய்விடுங்கள்.

இப்போது அடுக்கெண்ணை 2 ஆக்கி, அடிமுகத்திலிருந்து அளந்து நீங்களே போடுங்கள். நடுநிலைத் தளம் 6.49 மி.மீ., அதிர்வெண் 264 ஹெர்ட்ஸ் வர வேண்டும். வராவிட்டால் முதலில் படி 3-ஐப் பாருங்கள்.