காரிலிருந்து டென்ட் வரை: கிளாஸ்டன்பரி முதல் நாளில் சொதப்பாமல் இருக்க

இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைவிழாவுக்கு முதல்முறை போகிறவர்கள் ஐந்து நாளைக்கு என்னென்ன வேண்டும் என்று உட்கார்ந்து பட்டியல் போடுவார்கள். காரை நிறுத்திய இடத்திலிருந்து டென்ட் அடிக்கும் இடம் வரை அத்தனையையும் யார் தூக்குவது என்று யோசிக்கிறவர்கள் குறைவு. முதல் நாள் பார்க்கிற சண்டை, அறுந்த வார், பாதி வழியில் அநாதையாகக் கிடக்கும் மடக்கு நாற்காலி எல்லாமே அந்த ஒன்றிரண்டு மைல் சமாசாரம்தான்.

முதலில் இடம். விழா நடப்பது கிளாஸ்டன்பரி ஊரில் இல்லை. அங்கிருந்து ஆறேழு மைல் தள்ளி, பில்டன் கிராமத்தில் உள்ள வொர்த்தி ஃபார்ம் என்ற பால்பண்ணையில். 1970-இல் பண்ணைக்காரர் மைக்கேல் ஈவிஸ் ஒரு பவுண்டு டிக்கெட்டுக்குப் பாலையும் இலவசமாகக் கொடுத்து ஆரம்பித்தபோது வந்தவர்கள் ஏறக்குறைய 1,500 பேர். இப்போது இரண்டு லட்சத்துக்கும் மேல், சுற்றுவேலியே எட்டு மைல் நீளம். போனில் 'கிளாஸ்டன்பரி' என்று அடித்துவிட்டு வண்டியை எடுத்தால் ஊருக்குள் போய் நிற்பீர்கள். சரியான முகவரியைப் போட்டாலும் கிட்ட வந்ததும் போனை அணைத்துவிட்டு, சாலையில் வைத்திருக்கும் விழாப் பலகைகள் சொல்கிற வழியில் போங்கள். குறுக்கு வழி என்று போன் காட்டுவது பெரும்பாலும் ஒரு டிராக்டர் மட்டும் போகிற சந்தாகத்தான் இருக்கும். எந்த வயலில் நிறுத்துவது என்பதும் உங்கள் கையில் இல்லை, கைகாட்டுகிற இடத்தில்தான் நிறுத்த வேண்டும். அதிர்ஷ்டம் இருந்தால் வாசலுக்குப் பத்து நிமிட நடை. இல்லாவிட்டால் முக்கால் மணி நேரம், அதுவும் சும்மா கை வீசி நடந்தால்.

நாங்கள் நான்கு பேர் முதலில் போனது 2016-இல். அந்த வருடச் சேறு பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தோட்ட வேலைக்கு விற்கிற மலிவான ட்ராலி ஒன்றை வாங்கி, கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் ஏற்றுகிற மாதிரி ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். சக்கரம் கட்டைவிரல் அகலம், கெட்டி பிளாஸ்டிக். புல்வெளியில் அருமையாக ஓடியது. சேறு ஆரம்பித்த இடத்தில் சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே களிமண் அப்பிக்கொண்டு, சுற்றுவதை நிறுத்திவிட்டது. இருபது அடிக்கு ஒருமுறை நின்று டென்ட் முளையால் மண்ணைக் குத்திக் குத்தி எடுப்பது, மறுபடி இழுப்பது, மறுபடி நிற்பது. கடைசியில் அச்சாணி கழன்று எங்கோ சேற்றுக்குள் போனது. அதன் பிறகு ட்ராலியையும் சேர்த்துத் தூக்கினோம்.

அதனால் ட்ராலியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். குழந்தையோடு போகிறவர்களுக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் காற்றடித்த, குறைந்தது உள்ளங்கை அகலமாவது இருக்கிற டயர் வேண்டும். கனமானதை அடியில், அச்சுக்கு நேர் மேலே வையுங்கள். மேலே படுக்கை மாதிரி லேசான சாமான். வார் போட்டு இறுக்கிக் கட்டுங்கள், ஏனென்றால் இரும்புத் தகடு போட்ட பாதையின் விளிம்பில் ஏறி இறங்கும்போது பாதி மூட்டை சரிந்துவிடும், பின்னால் வருகிறவர்கள் அத்தனை பேரும் உங்களுக்காக நிற்க வேண்டி வரும். வீட்டிலேயே முழுச் சுமையோடு தெருவில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். விமானத்துக்கு எடுத்துப் போகிற உருளும் சூட்கேஸை மட்டும் தயவுசெய்து மறந்துவிடுங்கள். அதன் குட்டிச் சக்கரம் காய்ந்த புல்லிலேயே ஓடாது.

எதையெல்லாம் எடுக்கக் கூடாது என்று கேட்டால் ஒரு கணக்கு சொல்கிறேன். 440 மில்லி பீர் கேன் 24 என்றால் திரவம் மட்டுமே பத்தரை லிட்டர், அதாவது பத்தரைக் கிலோ. அதை அட்டைப்பெட்டியோடு கையில் தூக்கிக்கொண்டு வருவார்கள். கைப்பிடி கிடையாது, மழை பெய்தால் அட்டை நைந்து அடி பிய்த்துக்கொள்ளும். சொந்தச் சரக்கைக் கொண்டுவர அங்கே அனுமதி உண்டு என்பதால் வருகிற வினை இது. கேன்களைப் பிரித்து, நான்கு பேர் பையிலும் ஸ்லீப்பிங் பேக் இடுக்கிலும் செருகுங்கள். தண்ணீர் கேஸ் வாங்கிச் சுமப்பது அதைவிட வீண். உள்ளே குடிநீர்க் குழாய்கள் நிறைய இருக்கின்றன, ஆளுக்கு ஒரு பாட்டில் இருந்தால் போதும். அரிசி, மாவு, சட்டி என்று கிளம்புகிற நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை: உள்ளே சாப்பாட்டுக் கடைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. விலை வலிக்கும்தான், ஆனால் முதுகு வலியைவிடத் தேவலாம்.

கண்ணாடி எதுவும் உள்ளே போகாது. பாட்டில் என்றால் மதுபாட்டில் மட்டும் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் வாசலில் முழிப்பார்கள். காரணம் எளிது: விழா முடிந்ததும் அந்த வயலில் மாடு மேய வேண்டும். ஒரு நண்பர் அம்மா கொடுத்த ஆவக்காய் ஊறுகாயைக் கண்ணாடி ஜாடியிலேயே கொண்டுவந்து, வாசலில் பையைச் சோதித்தவரிடம் அது என்ன என்று விளக்கி, கடைசியில் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பையன் கொடுத்த பிளாஸ்டிக் டப்பாவில் மாற்றிக்கொண்டு வந்தார். கையெல்லாம் எண்ணெய். அந்தப் பையனுக்கு ஒரு துண்டு கொடுத்ததும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. எல்லோருக்கும் அப்படி டப்பா கிடைக்காது, வீட்டிலேயே மாற்றிக்கொண்டு வாருங்கள். கெசிபோ பந்தலும் கொண்டுவராதீர்கள், அது நாலு டென்ட் இடத்தை அடைத்துக்கொள்ளும். வேறு விழாவில் விட்டார்களே என்ற வாதம் வாசலில் செல்லாது; எதைக் கொண்டுவரக் கூடாது என்கிற பட்டியல் ஒவ்வொரு விழாவுக்கும் வேறு. போவதற்கு முந்தின வாரம் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

டிக்கெட்டைப் பையின் அடியில் வைப்பது இன்னொன்று. சிரிக்காதீர்கள், ஒவ்வொரு வரிசையிலும் ஒருவராவது முழுப்பையையும் புல்லில் கொட்டித் தேடிக்கொண்டிருப்பார். டிக்கெட்டில் உங்கள் படம் இருக்கும், அடுத்தவருக்கு மாற்ற முடியாது, முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் விடுவார்கள். கழுத்தில் தொங்குகிற சின்னப் பையில் வையுங்கள், அதிலேயே வண்டிச் சாவியும். மழைக்கோட்டும் கைக்கு எட்டுகிற மாதிரி பையின் மேலேயே இருக்கட்டும். கம்பூட்ஸைச் சுமக்க வேண்டாம், காலிலேயே போட்டுக்கொண்டு வாருங்கள். ஆனால் அன்றைக்குத்தான் புதிதாகப் பிரித்துப் போட்டது என்றால் கொப்புளம் நிச்சயம்.

இப்போது எல்லோரும் செய்கிற பெரிய தப்புக்கு வருகிறேன். "இப்போதைக்குப் பாதியை எடுத்துக்கொண்டு போவோம், மீதிக்கு அப்புறம் வரலாம்." கேட்க நன்றாகத்தான் இருக்கும். திரும்ப வெளியே வர வேண்டும் என்றால் வாசலில் பாஸ்-அவுட் (வெளியே போய்த் திரும்ப நுழைவதற்கான சீட்டு) வாங்க வேண்டும், அதையும் டிக்கெட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும், காரைத் தேட வேண்டும், மறுபடி சுமையோடு வரிசையில் நின்று சோதனை தாண்டி வர வேண்டும். இரண்டு மூன்று மணி நேரம் போய்விடும். அதற்குள் உங்கள் கூட்டத்தில் இருப்பவர்கள் பாதி டென்ட்டோடு உட்கார்ந்து உங்களைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். ஒரே நடையில் தூக்க முடியாததை வீட்டிலேயே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கட்சி. காரில் ஏதாவது மிச்சம் இருந்தே ஆக வேண்டும் என்றால் அது திங்கட்கிழமை திரும்பும்போது போட்டுக்கொள்ளும் மாற்று உடையாக இருக்கட்டும். காரை விட்டு நகரும் முன் வயலின் எண் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளவும் மறக்காதீர்கள்.

லண்டன் பாடிங்டனிலிருந்து ரயிலில் காசில் கேரி வந்து, அங்கிருந்து டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கான இலவசப் பேருந்தில் ஏறுகிறவர்களுக்கு இந்தக் கார்க்கதை எதுவும் இல்லை. அவர்களுக்கு ஒரே ஒரு முதுகுப்பைதான் உலகம். சொல்லப்போனால் அதுவே நல்ல ஒழுங்கு. ரயிலில் தூக்கி வைக்க முடியாதது சேற்றிலும் தூக்க முடியாது.

எப்போது போவது என்பதில் ஆளாளுக்கு ஒரு கருத்து. கார் நிறுத்துமிடத்தைச் செவ்வாய் இரவே திறந்துவிடுவார்கள், நடைவாசல் புதன் காலை எட்டு மணிக்கு. பென்னார்ட் ஹில் மாதிரி டென்ட் அடிக்கப் பேர்பெற்ற வயல்கள் சீக்கிரமே நிரம்பிவிடும் என்பதால் இரவு முழுக்க வரிசையில் மூட்டை மேல் படுத்துக் கிடக்கிறவர்களும் உண்டு. அப்படிச் செய்வதானால் போர்வையும் தண்ணீரும் தொப்பியும் மேலாக இருக்க வேண்டும். ஜூன் கடைசியில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும், வரிசையில் நிழல் கிடையாது. எனக்கு அந்தத் தவம் ஒத்துவராது. மதியத்துக்கு மேல் போனால் வரிசை குறைவு, கொஞ்சம் தள்ளிப்போய் டென்ட் அடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

உள்ளே நுழைந்த களைப்பில் கண்ணில் பட்ட முதல் இடத்தில் சுமையைப் போடுவீர்கள். பத்து நிமிடம் பொறுங்கள். இரண்டு பேர் மூட்டையோடு உட்காரட்டும், இரண்டு பேர் வெறுங்கையோடு போய் இடம் பார்க்கட்டும். பாதை ஓரம் என்றால் ராத்திரி முழுக்க யாராவது கயிறு தடுக்கி உங்கள் மேல் விழுவார்கள். கழிப்பறைக்குக் கிட்டே வசதி என்று நினைப்பது புதன்கிழமை மட்டும்தான் சரி, வெள்ளிக்கிழமை மூக்கு சொல்லும். டென்ட் வரிசைகளுக்கு நடுவே காலியாகக் கிடக்கும் அகலமான பட்டை உங்களுக்காக விட்டது இல்லை, அது தீயணைப்பு வண்டி போகிற வழி, அங்கே அடித்தால் கழற்றச் சொல்வார்கள். பள்ளத்தில் மட்டும் அடிக்கவே அடிக்காதீர்கள். 2005-இல் வெள்ளிக்கிழமை காலை இடியோடு கொட்டிய மழையில் தாழ்வான இடத்திலிருந்த டென்ட்கள் கூரை மட்டும் தெரிகிற அளவுக்கு மூழ்கின. சமதளமாகத் தெரியும் வயலிலும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

டென்ட்டை அங்கேதான் முதன்முதலாகப் பிரிக்கிறீர்கள் என்றால் வம்பு. கடையிலிருந்து வந்த பையில் ஒரு கம்பி குறைவது, முளை எண்ணிக்கை பத்தாமல் போவது எல்லாம் நடக்கும். போன வருடம் மடித்து வைத்தது பூஞ்சை பிடித்திருப்பதும் உண்டு. வீட்டுப் பின்புறத்தில் ஒருமுறை அடித்துப் பாருங்கள். இடம் இல்லாவிட்டால் பூங்காவில். கிளம்பும்போது முளைகளை எண்ணி எடுத்துவிடுங்கள், மண்ணில் தங்கிவிட்ட இரும்பு முளையைப் புல்லோடு மாடு விழுங்கினால் அதன் வயிற்றைக் கிழித்துவிடும். ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை விழாவை நிறுத்தி நிலத்துக்கு ஓய்வு கொடுக்கிறார்கள், 2026-க்கும் அப்படித்தான் விடுமுறை. அது பண்ணை என்பதை அவர்கள் மறப்பதில்லை.

டென்ட் அடித்து முடித்ததும் கொடியோ துணியோ கட்டி அடையாளம் வைப்பார்கள். நாங்கள் முதல் வருடம் சிவப்புத் துண்டு ஒன்றைக் கட்டினோம். இரவு இரண்டு மணிக்குத் திரும்பி வந்து பார்த்தால் டார்ச் வெளிச்சத்தில் அந்த வரிசையில் மட்டும் ஏழு சிவப்புத் துணி. இப்போது கட்டம் போட்ட பச்சை லுங்கி. இதுவரை வேறு யாரும் கட்டிப் பார்க்கவில்லை.